சனசமூக நிலைய நிர்வாகத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியின் திறந்த மடல்

தலைவர் மாஸ்டருக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளர் அண்ணாவுக்கும், நிர்வாக சபையில் இருக்கிற மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை நீங்கள் பலகையில் ஒட்டிய தீர்மானங்களை வாசித்தேன். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால் திரும்பவும் போய் நின்று வாசித்தேன். நிலையத்தின் விழாக்களில் இனிமேல் ரோல்ஸ், பற்றிஸ், சோடா கிடையாது. ஒழுங்கைக் கடைகளில் சிகரெட் விற்க வேண்டாம் என்று கேட்கப் போகிறீர்கள். சிகரெட் குடிக்கிற எவரும் நிர்வாக சபைக்கு வர முடியாது, அதோடு ஊரில் யார் யார் புகைக்கிறார்கள் என்று பெயர் எடுத்து அதே பலகையில் போடப் போகிறீர்கள். இவ்வளவும் 'ஆரோக்கியமான கிராமம்' என்ற தலைப்புக்குக் கீழே.

இதை நேரே வந்து கதைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் கூட்டம் வைப்பது பின்னேரம் ஐந்து மணிக்கு, அது எனக்கு இடியப்பம் பிழிகிற நேரம், ஒழுங்கையில் பாதிப் பெண்களுக்கு அடுப்படி நேரம், இது உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை நிலாவெளி வீதியில், அலஸ்தோட்டத்துக்குக் கிட்ட என் கடை. உங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் வாணி விழாவுக்கும் ரோல்ஸும் பற்றிஸும் போட்டுத் தருகிறவள் நான்தான். ஆகவே 'அக்காவுக்கு வியாபாரம் போகுது, அதுதான் கத்துறா' என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த ஒழுங்கையில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் எதைச் சாப்பிடக் கூடாது, யார் வீட்டுக்குத் தெரியாமல் எதை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவு டொக்டருக்குக் கூடத் தெரியாது. கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே 'தங்கச்சி, சீனி போடாமல் ஒரு பிளேன்டீ' என்று கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சீனிப் பணிஸைக் காட்டி 'அதிலயும் ஒன்று' என்று சொல்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் உளுந்து வடை இரண்டு வாங்கி, இங்கேயே இருந்து, சம்பலோடு மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது 'மகளிட்டச் சொல்லிப் போடாதை' என்பார். அவருக்குச் சீனியும் இருக்கு, பிரசரும் இருக்கு. நான் விற்கிறேன். ஏன் விற்கிறேன் என்று மனச்சாட்சி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் எழுபது வயது தாண்டிய மனிதர், வாழ்க்கை முழுக்கக் கடலில் போய் உழைத்தவர், கிழமையில் ஒரு நாள் இரண்டு வடை சாப்பிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கவில்லை, காசுதான் தருகிறார். அவர் குழந்தை இல்லை. தனக்கு என்ன வருத்தம், எதைத் தின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். இதற்கு மேல் அவருடைய தட்டுக்குள் நானும் கை வைக்கக் கூடாது, நீங்களும் வைக்கக் கூடாது.

இதைச் சொன்னால் செயலாளர் தம்பி என்ன கேட்பார் என்று தெரியும், அன்றைக்குக் கடையிலேயே கேட்டார்: 'அக்கா, அவருக்கு வருத்தம் முற்றினால் வைத்தியம் பார்ப்பது அரசாங்க ஆஸ்பத்திரி, எங்கள் எல்லாருடைய காசு, அப்ப எங்களுக்குச் சொல்ல உரிமை இல்லையா?' சரி. இந்த நாட்டில் இலவச வைத்தியம் இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் உயிரோடு இருக்கிறோம், அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கினால் எங்கே நிறுத்துவீர்கள்? தலைக்கவசம் போடாமல் உப்புவெளிச் சந்தியில் விழுகிற பெடியனுக்கு மருந்து கட்டக் கூடாதா? காற்று எச்சரிக்கை கொடுத்த பிறகும் படகை இறக்கியவரைத் தேடப் போகக் கூடாதா? சிகரெட் குடிக்கிறவர் கொடுக்கிற விலையில் பெரும்பகுதி வரியாக அரசாங்கத்துக்குத்தான் போகிறது, அவரும் 'நான் முன்கூட்டியே கட்டிவிட்டேன்' என்று சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசலில் தராசு வைத்தால் உள்ளே போக ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள்.

அப்படியென்றால் ஆளாளுக்கு விட்டுவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. வடையும் சிகரெட்டும் ஒன்றில்லை. வடை தின்கிறவரின் கொழுப்பு பக்கத்தில் இருக்கிறவரின் இரத்தத்தில் ஏறாது. சிகரெட் புகை ஏறும். புகையிலையால் உலகம் முழுக்க வருடத்துக்கு 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தாங்களே புகைக்காதவர்கள், மற்றவர்கள் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். எங்கள் நாட்டில் இது இன்னும் அநியாயம். 2015 இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் புகைக்கிறார்கள், பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர். அதாவது இங்கே பெண்ணுக்கும் பிள்ளைக்கும் போகிற புகை கிட்டத்தட்ட முழுவதும் வீட்டு ஆம்பிளையின் புகை. 'என் நெஞ்சு, என் விருப்பம்' என்று சொல்கிறவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் நெஞ்சோடு மட்டும் வைத்துக்கொண்டால் நான் வாயே திறக்க மாட்டேன்.

இதைச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் வந்தது 2006 இல். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது. அந்தச் சட்டம் வந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது கம்பஸுக்குப் போகிற வயதில். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் நடப்பது என்ன? பின்னேரம் ஆறு மணிக்கு, கால்சட்டை போட்ட ஒரு சின்னப் பெடியன் கையில் காசைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி வருவான். 'அப்பாவுக்கு ஒரு கோல்ட் லீஃப்.' ஒன்றே ஒன்று, பெட்டியாக யார் வாங்குகிறார்கள், எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் போகும். கடைக்காரர் பெட்டியைத் தட்டி ஒன்றை எடுத்துப் பேப்பர்த் துண்டில் சுற்றிக் கொடுப்பார். அந்தப் பெட்டியில் 80 வீதத்துக்குப் பழுதான நெஞ்சையும் புண் பிடித்த வாயையும் படமாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றாக வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை, பார்க்கிறவர் கடைக்காரர் மட்டும்தான். மீதிக் காசுக்கு ஒரு டொபி. பெடியன் டொபியை வாயில் போட்டுக்கொண்டு, சிகரெட்டைக் கவனமாக, நசியாமல், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போவான். அந்தப் பிடியைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆகவே கடைகளில் சிகரெட் வேண்டாம் என்ற உங்கள் தீர்மானத்துக்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். யாழ்ப்பாணப் பக்கம் சில ஊர்களில் வியாபாரிகளே சேர்ந்து இப்படி நிறுத்தினார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கூட நின்றார்கள். இது ஒருத்தருடைய சுதந்திரத்தையும் பறிக்காது. குடிக்க வேண்டும் என்கிற வளர்ந்த மனிதர் சைக்கிளை எடுத்துச் சந்திக்குப் போய் வாங்கிக்கொள்வார், இரண்டு நிமிடம். அந்தச் சின்னப் பெடியனை அவ்வளவு தூரம் பிரதான வீதியில் எந்தத் தாயும் விட மாட்டாள்.

ஆனால் ஒன்று, கேட்கிறதென்றால் எல்லாக் கடைகளையும் ஒன்றாகக் கேளுங்கள், ஒரே நாளில். ஏன் என்று ஒரு கடைக்காரியாகச் சொல்கிறேன். நான் சிகரெட் விற்பதில்லை. கடை தொடங்கிய நாளிலிருந்தே இல்லை. அதனால் என்ன நடக்கிறது என்றால், காலையில் ஓட்டோத் தம்பிமார் பக்கத்துக் கடையில் ஒன்றை வாங்கி, அங்கேயே தேத்தண்ணியையும் குடித்து, பணிஸையும் தின்றுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடையில் லைட்டர் ஒரு நூலில் கட்டித் தொங்குகிறது. சிகரெட்டில் அவருக்கு வருகிற லாபம் பெரிதில்லை, அதை வாங்க வருகிறவர் கூடச் சேர்த்து வாங்குவதில்தான் லாபம். நல்லவளாக இருந்ததற்கு நான் கட்டுகிற அபராதம் அது. அவர் நிறுத்தினாலும் இதே அபராதத்தை அவர் கட்ட வேண்டி வரும், அதனால் அவர் நிறுத்த மாட்டார், நானும் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் இரண்டு குமர்ப் பிள்ளைகள். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. இந்த ஒழுங்கு ஒரு தனிக் கடையால் முடியாதது, நிலையத்தால் முடியும்.

என் வாங்கிலில் வந்திருந்து பத்த வைக்கிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள். 'இங்கே புகைக்க வேண்டாம்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். 'இது வெளிதானே அக்கா' என்பார்கள். வெளிதான், தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இடியப்பம் கட்டக் காத்துக்கொண்டு நிற்கிறாள். தனியாக ஒரு பெண் எத்தனை பேரோடு சண்டை பிடிக்கிறது? கடைக்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வடிகானைப் பார்த்தார்கள், இலையானைப் பார்த்தார்கள், என் மருத்துவச் சான்றிதழைப் பார்த்தார்கள், புகையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

இனி அந்தப் பெயர்ப் பட்டியல்.

மாஸ்டர், கோபிக்காதீர்கள், இது மகா கூடாத வேலை. எப்படி என்று சொல்ல ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், யார் என்று சொல்ல மாட்டேன், ஊகிக்கவும் வேண்டாம். என் கடையில் கிழமைக்கு நாலு நாளாவது சாப்பிடுகிறவர். முன்பெல்லாம் ரோல்ஸை இரண்டு கடியில் முடிப்பார். கொஞ்ச நாளில் பார்த்தால் ரோல்ஸைக் கையால் பிய்த்துப் பிய்த்து, ஓரத்தால் வாய்க்குள் தள்ளுகிறார். பிறகு ரோல்ஸையே விட்டுவிட்டார், 'புட்டைச் சொதி விட்டு நல்லாக் குழைச்சுத் தா' என்றார். மிளகாய்ச் சம்பல் பட்டால் கண்ணில் தண்ணி வரும். கரண்டியை நேராக விட முடியவில்லை, சரித்து விட்டார். வாய் திறபடவில்லை! பாக்குப் போட்டுப் போட்டு வாயின் உள்தோல் தடித்து இறுகி, இரண்டு விரல் போகிற அளவுக்குக் கூடத் திறக்க முடியாமல் வந்துவிடும், அது புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று பல் டொக்டர் பிறகு சொன்னாராம். அவரைப் போகச் செய்தது எது என்று நினைக்கிறீர்கள்? யாரும் ஏசவில்லை. அவருடைய மனைவி கடைக்கு வந்தபோது நான் மெதுவாகக் கதைத்தேன், அவள் அழைத்துக்கொண்டு போனாள். பலகையில் பெயர் போட்டிருந்தால் அந்த மனிதர் கடைக்கும் வந்திருக்க மாட்டார், ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க மாட்டார், வாயை மூடிக்கொண்டு வீட்டுக் கோடியில் இருந்திருப்பார். வெட்கப்படுத்தினால் மனிதன் பழக்கத்தை விட மாட்டான், ஒளிக்கத் தொடங்குவான். ஒளித்த வருத்தம் கடைசிக் கட்டத்தில்தான் வெளியே வரும்.

இன்னொன்று. அவர் சிகரெட் குடிக்கிறவர் இல்லை, ஆகவே உங்கள் பட்டியலில் அவர் வரவே மாட்டார். வெற்றிலைக்காரர். பட்டியலில் வெற்றிலை ஏன் இல்லை? இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் முடிவு சொல்லி, சிகரெட்டை வைத்திருக்கிற அதே முதலாம் வகுப்பில் பாக்கையும் வைத்தது. ஆனால் வெற்றிலைத் தட்டம் எங்களுக்கு மரியாதை, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அது இல்லாமல் ஒன்றும் தொடங்காது, நிர்வாக சபைக் கூட்டத்திலும் மேசையில் இருக்கிறது என்று கேள்வி. நான் தட்டத்தைத் தூக்கச் சொல்லவில்லை. பெடியள் செய்கிற பழக்கம் ஒழுக்கக்கேடு, பெரியவர்கள் செய்கிற பழக்கம் பண்பாடு என்று ஆகிவிட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து புகை விட்டால் அது உல்லாசப் பயணத்துறை. அதே கரையில் வலை இழுத்த களைப்பில் ஒருத்தன் பீடி பத்தினால் அவன் பெயர் பலகைக்கு. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

புகைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அவர்களும் இதை வாசிப்பார்கள். மகள் கம்பஸில் படிக்கிறாள், அவள்தான் வாசித்துக் காட்டியது. ரிச்சர்ட் டோல் என்ற ஆங்கிலேய வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் 1951 தொடக்கம் பிரித்தானிய டொக்டர்மாரையே பின்தொடர்ந்து, அரை நூற்றாண்டு கணக்கெடுத்து, 2004 இல் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் செத்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் கிட்டத்தட்ட முழுப் பத்தும். எனக்கு இதில் பிடித்தது அந்த அறுபதுதான். 'இனி என்னத்துக்கு, நாங்கள் போய்ச் சேருகிற காலம்' என்று என் வாங்கிலில் இருந்து சொல்கிற அண்ணாமாருக்கு அந்த மூன்று வருடம் சும்மா இல்லை, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதைப் பார்க்கலாம். ஆனால் நிக்கோட்டின் உள்ளே போய்ச் சில விநாடியில் மூளையைப் பிடிக்கிற சாமான், பிடித்த பிறகு 'விருப்பமாகக் குடிக்கிறேன்' என்பதில் விருப்பம் எவ்வளவு, பிடி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் ஏச்சு உதவாது, உதவிதான் உதவும். பெயர் எழுத எடுக்கிற நேரத்தில், விட விரும்புகிறவரைக் கூட்டிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு நாள் போய்வரலாம்.

வீட்டுக்குள் நடக்கிற ஒன்றையும் ஆண்கள் கணக்கில் எடுப்பதில்லை. சீனி வருத்தக்காரர் 'எனக்குச் சிவப்பரிசி இறங்காது' என்பார், அது அவருடைய சுதந்திரம். அதற்காக அடுப்பில் இரண்டு பானை வைப்பவள் மனைவி. கிளினிக்குக்கு விடியப் போய் நம்பர் எடுப்பவள் அவள், காலில் புண் வந்தால் மருந்து கட்டுகிறவள் அவள், குளிசை முடிந்தால் ஓடுகிறவளும் அவள். இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம். அவ்வளவு வீடுகளில் அவ்வளவு பெண்கள் இப்படி ஓடுகிறார்கள். சுதந்திரம் பற்றிக் கதைக்கிற ஆண்கள் அந்தக் கூலியையும் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும். நிலையத்துக்கு இதில் செய்ய ஒன்றும் இல்லை, தெரியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இது என் துறை.

ரோல்ஸைத் தடை செய்தால் ஒன்றும் நடக்காது, பெடியள் விழா முடியச் சந்திக்குப் போய்க் கொத்து ரொட்டி சாப்பிடுவார்கள், அதுவும் இரவு பத்து மணிக்கு, முட்டை இரண்டு போட்டு. ஏன் எல்லாவற்றிலும் கோதுமை மா என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, ஆனால் 1980 இல் இருந்து சீனக்குடாவில் மா ஆலை ஓடுகிறது, வெளிநாட்டுக் கோதுமை எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. மா மலிவு, எங்கும் கிடைக்கும், கெதியில் வேலை முடியும். தம்பலகாமத்து வயலில் விளைகிற சிவப்பரிசியை வாங்கி, ஊற வைத்து, இடித்து, வறுத்து இடியப்பம் பிழிந்தால் எனக்குக் கூலியும் கூட, விலையும் கூட. கூலி வேலைக்குப் போகிறவர் பத்து இடியப்பம் வாங்கும்போது அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் செய்வார். 'நல்லதைத் தெரிவு செய்யுங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவது சுகம், அவருடைய பொக்கெற்றில் அந்தத் தெரிவு இல்லை.

இப்படிச் சின்னதாய்ச் செய்யக் கூடியவை இருக்கின்றன. முன்பு தேத்தண்ணியில் நானே சீனி போட்டுக் கலக்கிக் கொடுப்பேன், எல்லாருக்கும் ஒரே அளவு, தாராளமாக. இப்போது சீனியைக் கிண்ணத்தில் வேறாக வைக்கிறேன், கரண்டியும் சின்னக் கரண்டி. வேண்டியவர் வேண்டிய அளவு போடட்டும், நான் பார்க்கவும் மாட்டேன். கடைக்கு வாங்குகிற சீனி குறைந்துவிட்டது, ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. முதலில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அவர்கள் இப்போது ஒரு கரண்டியோடு நிற்கிறார்கள். இதே மாதிரி, கண்ணாடிப் பெட்டியில் கண்ணுக்கு நேரே இருக்கிற தட்டில் அவித்த கடலையையும் கௌபியையும் வைத்து, ரோல்ஸைக் கீழ்த் தட்டுக்கு இறக்கினேன். ரோல்ஸ் வேண்டும் என்றவர் குனிந்து பார்த்து வாங்குகிறார்.

சோடாப் போத்தலில் 2016 இல் இருந்து நிற வட்டம் போடுகிறார்கள், கவனித்திருப்பீர்கள். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, நடுவில் மஞ்சள். நல்ல வேலைதான், ஆனால் 10 கிராம் இருந்தால் மஞ்சள், மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்துப் பிள்ளை 400 மில்லிப் போத்தலைக் குடித்தால் உள்ளே போனது 40 கிராம், பத்துத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதுவும் வளர்ந்தவருக்கு. சோடாவைப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில் கொடுக்க வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று பெரியவர்கள் தீர்மானிக்கத்தான் வேண்டும். தாங்களே காசு கொடுத்து வாங்குகிற பெரியவர்களின் கையில் இருந்து போத்தலைப் பிடுங்க வேண்டாம்.

உண்மையாகவே கெடுதல் எங்கே இருக்கிறது தெரியுமா, எண்ணெயில். காலையில் ஊற்றிய எண்ணெயில் மத்தியானம் பொரித்து, பின்னேரம் பொரித்து, அடுத்த நாள் அதற்கு மேலேயே புதிதை ஊற்றி, கறுத்து நுரை தள்ளும் வரை பாவிக்கிற கடைகள் இருக்கின்றன. சாப்பிடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ருசியில் மசாலா மூடிவிடும். தெரியாத ஒன்றில் அவருக்கு என்ன சுதந்திரம்? நான் மாற்றுகிறேன், அதனால் என் ரோல்ஸ் பத்து ரூபாய் கூட, அதற்கும் 'அக்காட கடை விலை' என்று கதை. இங்கேதான் உங்கள் அதிகாரம் வேண்டும். விழாவுக்குச் சாப்பாடு எடுக்கிற கடை எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிக்கக் கூடாது, வந்து பார்ப்போம் என்று ஒரு விதி போடுங்கள். என் அடுப்படியிலிருந்தே தொடங்குங்கள்.

பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு மாகாணம், ஒரு காலத்தில் ஆண்கள் நடுத்தர வயதிலேயே மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்த இடம். 1972 இல் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியர் அங்கே வேலை தொடங்கினார். அவர் பட்டியல் எழுதவில்லை. கிராமத்துப் பெண்களின் சங்கங்களோடு சேர்ந்து சமைத்துக் காட்டினார், தொத்திறைச்சி செய்கிறவர்களிடம் போய்க் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்கச் சொன்னார், பால் பண்ணைகளோடு கதைத்தார், கடைகளோடு கதைத்தார். முப்பத்தைந்து வருடத்தில் வேலை செய்கிற வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. மறுபக்கம் பூட்டான் 2004 இல் நாடு முழுக்கப் புகையிலை விற்பனையையே தடை செய்தது. இந்திய எல்லையால் கள்ளமாக வந்து குவிந்தது, கடைசியில் 2021 இல் தடையை எடுத்துவிட்டார்கள். மகள் இரண்டையும் வாசித்துக் காட்டியபோது எனக்குப் பின்லாந்துக் காளான் தொத்திறைச்சிதான் மனதில் நின்றது, கடைக்காரி புத்தி! ரோல்ஸுக்குள் உருளைக்கிழங்கைப் பாதியாக்கி முருங்கையிலையும் மீனும் கூட்டிப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை, கசக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். பெயர் எழுதுகிற தீர்மானத்தைக் கிழித்துப் போடுங்கள், நிர்வாக சபைக்கு யார் வரலாம் என்பதைச் சனம் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கட்டும். கடைக்காரர் எல்லாரையும் ஒரு நாள் கூப்பிட்டு ஒரே மேசையில் இருத்திச் சிகரெட் விஷயத்தைக் கதையுங்கள், பக்கத்துக் கடை அண்ணாவிடம் நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், எல்லாரும் என்றால் தானும் சரி என்றார். கூட்டத்தைப் பின்னேரம் வைக்காமல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள், பெண்களும் வருவோம்.

விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்குக் கடலையும் மோரும் நான் தருகிறேன். பெரியவர்களுக்கு ஒரு தட்டில் ரோல்ஸும் இருக்கும், புது எண்ணெயில் பொரித்தது, வேண்டியவர் எடுக்கட்டும், வேண்டாதவர் விடட்டும். இன்னுமொன்று, பொருளாளர் அண்ணா, போன வாணி விழாவுக்குத் தந்த பற்றிஸ் காசு இன்னும் வரவில்லை. அதையும் அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இடியப்பக் கடை அக்கா